வறுத்த விதை

மண் பருத்திக்கு ஆகாது
என்று எழுதியவன் நான்தான்.
லூரியோ ஆற்றின் வடகரை, கம்பெனிக் கிடங்கு,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு, பிப்ரவரி.
மை கொஞ்சம் கசிந்திருக்கும்.
மற்றபடி என் கையெழுத்து அழகு என்பார்கள்.

மேசை, சாவி, அலமாரி, ஜன்னல்
எல்லாம் லிஸ்பனிலிருந்து கப்பலில் வந்தவை,
பெயர்கள் உட்பட.
எனக்கும் அப்படி ஒன்று வந்திறங்கியது: பெனெடிட்டோ.
அபாகார் என்று அம்மா கூப்பிட்டதை
கிடங்குப் படியில் செருப்போடு கழற்றிவிட்டுத்தான்
உள்ளே போவேன்.

அதற்கு முந்தின அறுவடையில்
சலிமானே மூன்று நாள் நடந்து வந்தான்,
தலையில் பஞ்சுப் பொதி.
தராசு முள் அவனுக்காக நகரவில்லை.
கொடுத்த காசில் வரி போக
அரைச் சட்டைக்குத் துணி.
அந்தத் துணியே
அவன் சுமந்த பஞ்சில் நெய்ததாகவும் இருக்கலாம்.
"எடை தப்பு" என்றான்.
மொழிபெயர்த்தேன், அதுதானே என் வேலை.
துளை போட்ட மரப்பலகையால்
உள்ளங்கைக்கு இருபத்தைந்து அடி.
ஒவ்வொரு துளைக்கும் ஒரு கொப்புளம்.
எண்ணிக்கையை நான்தான் பேரேட்டில் ஏற்றினேன்.

பிறகு அவன் சான்சிபார் பக்கம் ஓடிவிட்டான்.
வயல் முவாஜுமா பேருக்கு மாறியது.
சோளக் கொல்லையில் கல் நட்டு எல்லை வகுத்தான் சிப்பாய்.
அவள் விதை மூட்டையைக் காலால் உருட்டிக் கேட்டாள்:
"பஞ்சைத் தின்னலாமா, பெனெடிட்டோ?"
இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

டிசம்பர் மழைக்கு முந்தின இரவு
ஊரெங்கும் ஒரு வாசனை.
கடலை வறுக்கிற வாசனை இல்லை,
எண்ணெய் கசந்து தொண்டையில் நிற்கிற ஒன்று.
சாப்பாடே இல்லாத ஊரில்
நடுச்சாமத்தில் இத்தனை அடுப்பு எதற்கு என்று
யோசித்தேன்.
யோசித்து, போர்வையை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் பெண்கள் விதைத்தார்கள்.
கயிறு பிடித்தாற்போல் வரிசை,
குழிக்கு நாலு விதை, கேட்காமலே களைக்கொத்து.
இவ்வளவு ஒழுங்காக அவர்கள் விதைத்ததே இல்லை.
அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும் துரை.

மழை பெய்தது.
கோரை வந்தது.
வரப்போரம் யாரோ செருகிய மரவள்ளிக் குச்சிகூடத் துளிர்த்தது.
பருத்தி வரவில்லை.

கண்ணாடி போட்ட நிபுணன் ஒருவன் வந்தான்.
முவாஜுமா வயல் மண்ணை
மண்ணெண்ணெய்த் தகரத்தில் நிரப்பி,
கிடங்கு விதையைத் தானே ஊன்றி
என் ஜன்னலுக்கு நேரே வைத்தான்.
ஆறாம் நாள்
இரண்டிரண்டு இலையோடு ஐந்து செடி,
குழந்தைகள் கை தூக்குவதுபோல்.

அதைப் பார்த்தபடி நாள் முழுக்கக் கணக்கு எழுதினேன்.
கூட்டல் மூன்று முறை தப்பியது.
மாலையில் நிபுணன் காய்ச்சலுக்குக் கொய்னா விழுங்கிப் படுத்தான்.
தேநீருக்குக் கொதித்த கெட்டிலில்
பாதி அவன் கோப்பைக்கு.
மீதி...

காலையில் தகரத்தைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
என் கட்டை விரலில் இருந்த வெந்நீர்க் காயத்தையும்
பார்த்தானோ, தெரியாது.
"எழுது" என்றான். எழுதினேன்.

கல்லைப் பிடுங்கிய அன்று முவாஜுமா
என்னைக் கடந்து போகையில் காறித் துப்பினாள்.
சரிதான்.
இருபத்தைந்து வரை எண்ணியவனைத்தான் அவளுக்குத் தெரியும்.

கொடி இறங்க அதற்குப் பின் இருபத்தேழு ஆண்டு.
அந்த நள்ளிரவில் மைதானமெங்கும்
துப்பாக்கிகளைப் பற்றியே பேச்சு.
எந்தக் காடு, எந்தப் பாலம், யார் மகன்.
எனக்கு மட்டும் எங்கிருந்தோ
அந்தக் கசந்த வாசனை.

கெட்டில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.
மூக்கு ஒடிந்துவிட்டது.
அதன் பெயரும் கப்பலில் வந்ததுதான்.